கிளைவின் சுருதி

ஒலிப்பதிவு தொடங்கிய பதினோராவது நாள் காலையில்தான் நெவில் வாயைத் திறந்தான். சமையலறையில் நாங்கள் இருவர் மட்டும். ரொட்டி கருகியிருந்தது. கத்தியால் கரியைச் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல், தன்னால் இந்தப் பாட்டுகளைப் பாட முடியாது என்றான். எல்லாமே தன் குரலுக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றனவாம்.

கிளைவ் மார்ச் மாதம் இறந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது. இருபத்தொன்பது வயது. சண்டர்லேண்டில் பள்ளிக்கூட நாட்களிலிருந்து நாங்கள் மூன்று பேர்தான் குழு. பாடுவதும் பேஸ் கிட்டாரும் அவன், கிட்டார் நான், டிரம்ஸ் டெஸ்மண்ட். ஒப்பந்தப்படி கம்பெனிக்கு இன்னும் ஒரு இசைத்தட்டு கொடுக்க வேண்டும். அவன் இடத்துக்கு நெவிலை அழைத்தோம். பப்புகளில் பேஸ் வாசித்துப் பாடிக்கொண்டிருந்தவன், ரொட்டி வண்டி ஓட்டும் வேலையை விட்டுவிட்டு எங்களோடு இந்த வேல்ஸ் பண்ணைக்கு வந்தான். இங்கே மாட்டுக்கொட்டகையைத்தான் ஒலிப்பதிவுக் கூடமாக்கியிருந்தார்கள்.

ஏழு பாட்டுகளுக்கும் வாத்தியங்களைப் பதிவு செய்து முடித்துவிட்டோம். குரல் மட்டும் மிச்சம். எந்தச் சுருதியில் வாசிப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பதிமூன்று வருஷமாகப் போய் நின்ற இடத்திலேயே என் விரல்கள் போய் நின்றன. அவன் போன பிறகு நான் எழுதிய பாட்டுகளையும் அவன் தொண்டைக்குத்தான் கட்டியிருந்தேன். அது எனக்கே இப்போதுதான் தெரிந்தது.

“பத்து நாளா ஏன்டா சொல்லல?” என்றேன்.

“நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மொகத்த ஒருத்தர் பாத்துக்கிட்டே வாசிச்சீங்க. நடுவுல பூந்து நான் எப்படிச் சொல்றது?”

ஒலிப்பதிவாளர் மோரிஸ் ஒரு வழி சொன்னார். பதிவான நாடாவைக் கொஞ்சம் மெதுவாக ஓடவிட்டால் பாட்டு மொத்தமும் கீழே இறங்கும். அந்த உயரத்தில் நெவில் பாடலாம். பிறகு நாடாவைப் பழைய வேகத்துக்குக் கொண்டுவந்தால் அவன் குரலும் கூடவே மேலேறிவிடும். நெவில் மோரிஸ் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய்ப் பாடினான். மோரிஸ் வேகத்தைத் திருப்பிவைத்து ஓடவிட்டார்.

குரல் மெலிந்து, ஓரங்கள் கூர்மையாகி வெளியே வந்தது. டெஸ்மண்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். பாட்டு முடிந்தது. தகரக்கூரையில் மழை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவ போடுங்க,” என்றான் டெஸ்மண்ட். மூன்று தடவை போட வைத்தான். பிறகு, “நம்ம கிளைவ்தான்டா இது. போதும். இப்படியே முடிச்சிரலாம்,” என்றான்.

நெவில் உள்ளே வந்து நின்றான். “அது நான் இல்ல,” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. “நாளைக்கு மேடையில நான் பாடுனா இந்தக் கொரல் வராது. தட்டுல இருக்கறவன் எங்கடான்னு கேப்பாங்க. இதான் வேணும்னா சொல்லிருங்க. நான் ரொட்டி வண்டிக்கே போயிடறேன்.”

டெஸ்மண்ட் என்னைப் பார்த்தான். முடிவு என்னிடம் வந்துவிட்டது. சரி என்று சொன்னால் மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம். மாட்டேன் என்றால் ஏழு பாட்டுகளையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். எட்டு மாதமாக நான் நன்றாகத் தூங்கவில்லை. அதைவிட, எனக்கே அந்தக் குரலை இன்னும் ஒரு முறை கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்டேன்.

இரண்டாவது சரணத்தில் ஒரு மூச்சு வந்தது. வேகம் கூடியதால் சின்னதாக, யாரோ துரத்த ஓடுகிறவன்போல வாங்கிய மூச்சு. கிளைவ் அந்த இடத்தில் மூச்சு வாங்கவே மாட்டான். அவனுக்கு அது தேவைப்பட்டதில்லை. அது நெவிலுடையது. உயிரோடு எதிரில் நிற்கிறவனுடையது. அதற்கப்புறம் என்னால் வேறு எதையும் கேட்க முடியவில்லை.

“மறுபடி வாசிக்கலாம்,” என்றேன்.

“ஏழு பாட்டையுமா? டிரம்ஸுக்கு என்னடா சுருதி? நான் எதுக்கு மறுபடி அடிக்கணும்?”

ஒரே அறையில் சேர்ந்து வாசித்ததால் என் கிட்டாரின் பழைய சுருதி அவனுடைய டிரம்ஸ் மைக்குகளிலும் பதிவாகியிருக்கிறது என்பது அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

“அவன ரெண்டாவது தடவ பொதைக்கச் சொல்ற,” என்று சொல்லிவிட்டு டெஸ்மண்ட் மழையில் இறங்கிப் போனான்.

நெவிலிடம் அவனுக்கு எந்த உயரம் வசதி என்று கேட்டேன். தெரியாது, இதுவரை யாரும் கேட்டதில்லை என்றான். அவன் மெல்ல முனக, நான் கட்டை கட்டையாக இறங்கித் தேடினேன். கடைசியில் கிடைத்த இடம் என் விரல்களுக்குப் பழக்கமே இல்லாதது. மோரிஸ் புதிய நாடாவை மாட்டினார்.

ஒரு மணி நேரம் கழித்து டெஸ்மண்ட் நனைந்த தலையோடு வந்து டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்தான். என்னைப் பார்க்கவில்லை. நெவிலிடம், “எவ்ளோ வேகம்?” என்று கேட்டான்.

“கொஞ்சம் மெதுவா.”

“கெழவன் மாதிரிப் பாடப்போற போல,” என்றான் டெஸ்மண்ட். குச்சிகளை எடுத்தான்.

மூன்றாவது வரியில் என் விரல் பழைய இடத்துக்குப் போய்விட்டது. நிறுத்தினோம். மறுபடி ஆரம்பித்தோம்.