சவேத்தாவின் நாற்பதாம் நாள் கோதுமை

மாமியார் சவேத்தா உயிரோடு இருந்தவரை கோர்னெல் அவளுக்கு ஒரு நல்லது செய்ததில்லை என்பது அவர் மனைவி லியாவின் முடிந்த முடிவு. சரி, செத்த பிறகாவது செய்து கெட்ட பேரைத் துடைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், நாற்பதாம் நாளையே தப்பாக எண்ணித் தொலைத்தார். இறந்த நாளிலிருந்து எண்ண வேண்டியதை அடக்கம் செய்த நாளிலிருந்து எண்ணிவிட்டார். அந்தத் தைரியத்தில், ருமேனியாவின் அராத் நகரத்து ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர்கள் சங்கத்தின் புடாபெஸ்ட் சுற்றுலாவைச் சரியாக அந்தச் சனிக்கிழமையில் கொண்டுபோய் வைத்தார். சங்கச் செயலாளர் அவர்தான். அவர் இல்லாமல் பஸ் கிளம்பாது.

விஷயம் வெளிப்பட்டது கிளம்புவதற்கு முந்தின நாள்.

"அங்கேயும் நம்ம ருமேனியக் கோயில் ஒண்ணு இருக்கு, லியா. நம்ம பாதிரியாரே இருக்கார். ஆத்மா இங்கேருந்து மேல போனா என்ன, அங்கேருந்து போனா என்ன?"

"எங்கம்மா வாழ்நாள்ல எல்லை தாண்டினதில்ல. செத்த பிறகு உன்னால வெளிநாடு போறா" என்றாள் லியா. அதன் பிறகு பேச்சை நிறுத்திக்கொண்டாள்.

கோதுமையை அவித்து, வால்நட் பருப்பும் சர்க்கரையும் சேர்த்து, கண்ணாடிக் கிண்ணத்தில் மேடு கட்டி, மேலே கோக்கோ பொடியால் சிலுவை போட்டாள். செத்தவர்களுக்கான கொலிவா. பாதிரியார் அதை மந்திரிக்க வேண்டும். இறந்தவள் பேரைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிறகு அது நாலு பேர் வாயில் விழ வேண்டும். நாற்பதாம் நாள் முடிவதற்குள் இதெல்லாம் நடக்காவிட்டால் சவேத்தாவின் ஆத்மா வழிச்சோறு இல்லாமல் புறப்பட்டுவிடும். அந்தக் கிண்ணத்தை லியா வழி நெடுக மடியிலேயே வைத்திருந்தாள். கோர்னெல் பேச வாயெடுத்தபோதெல்லாம் ஜன்னலைப் பார்த்தாள்.

எல்லைக்கு அப்பால் செகெத் நகரம் தாண்டி பஸ் டயர் வெடித்து நேரம் போய்விட்டது. ருமேனியக் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவில் பூட்டு. சங்கத்தார் வெந்நீர்க் குளங்களுக்குப் போய்விட்டார்கள். கிண்ணமும் கணவனுமாக லியா தெருவில் நின்றாள். இரண்டில் எதைக் கீழே போடலாம் என்று அவள் யோசிப்பது போலத் தோன்றியது கோர்னெலுக்கு.

அப்போதுதான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தார். ஸ்டேடியம் மாதிரி ஒரு கட்டடம், நெற்றியில் வெளிச்சச் சிலுவை. குடும்பம் குடும்பமாக ஜனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"இவ்வளவு கூட்டம்னா கோயில் திருவிழாதான். திருவிழான்னா பாதிரியார் இருப்பார். வா."

உள்ளே பாதிரியாரும் இல்லை, சுவரில் ஒரு புனிதர் படமும் இல்லை. முத்தமிட ஏதாவது கிடைக்குமா என்று லியா சுற்றிப் பார்த்தாள். காபி மெஷின்தான் இருந்தது. கோர்னெல் கிண்ணத்தின் நடுவே மெழுகுவர்த்தியைக் குத்தித் தீக்குச்சியை உரசியதும், மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் ஓடிவந்து ஊதி அணைத்தாள்.

"ஐயா, வேண்டாம்! புகை வந்தா கூரையிலேருந்து தண்ணி கொட்டும். எல்லாருக்கும் ரெண்டாவது ஞானஸ்நானம் ஆயிடும்!"

சொன்னது ருமேனிய மொழியில். அவள் பேர் எமெஷெ. ருமேனியாவின் ஒராதியா நகரத்தில் பிறந்து வளர்ந்த ஹங்கேரியப் பெண். இங்கே வருகிறவர்களை உட்காரவைப்பது அவள் ஊழியம். கிண்ணத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"யாருக்கு?"

"என் மாமியாருக்கு" என்றார் கோர்னெல்.

"நல்லவங்களா?"

"நாற்பது நாளா ரொம்ப நல்லவங்க."

லியா அவர் காலை மிதித்தாள். எமெஷெ சிரிப்பை அடக்கிக்கொண்டு லியாவின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மறைக்காமச் சொல்லிடறேன். இங்க நாங்க செத்தவங்களுக்காக ஜெபிக்கிறதில்ல. போனவங்க ஆண்டவர் கையில. நாங்க அதுல தலையிடறதில்ல."

"தலையிடாம இருக்க எங்கம்மா என்ன பக்கத்து வீட்டுக்காரியா?" என்றாள் லியா. கோர்னெலிடம் திரும்பி, "இது கோயிலே இல்ல" என்றாள். அந்த நாளில் அவரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தைகள்.

ஆனால் அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள், டிரம்ஸ் தொடங்கிவிட்டது. ஓரமாக இரண்டு நாற்காலி காட்டி, காதில் மாட்டிக்கொள்ள ஆளுக்கொரு கருவி கொடுத்தாள் எமெஷெ. அதில் ருமேனிய மொழிபெயர்ப்பு வரும். லியா தொடவில்லை. கிண்ணத்தை மடியில் இறுக்கிக்கொண்டு, பல் டாக்டரிடம் வந்தவள் போல விறைத்து உட்கார்ந்தாள்.

கோர்னெல் மாட்டிக்கொண்டார். ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து கையைத் தூக்கினார்கள். வகுப்பில் விடை தெரிந்த பிள்ளைகள் போல. அவருக்கோ எந்த வகுப்பிலும் தெரிந்ததில்லை. அராத்தில் அவர்கள் கோயிலில் ஞாயிறன்று பதினைந்து கிழவிகளும் ஒரு தொடர் இருமலும்தான். இங்கே சக்கர நாற்காலியில் ஒரு கிழவர் இரண்டு கையாலும் தாளம் போட்டார். சூட் போட்ட ஒருவர் கண்ணீரைத் துடைக்காமலே பாடினார். யாரும் யாரையும் வேடிக்கை பார்க்கவில்லை. வேடிக்கை பார்த்தது கோர்னெல் மட்டும்தான். கொஞ்ச நேரத்தில் தன் வலது கால் தானாகத் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார். அராத் டிராமில் மணி அடிக்கும் கால் அது. பழக்க தோஷம் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் காலை நிறுத்தவில்லை.

ஜீன்ஸ் போட்ட போதகர் அதிகம் பேசவில்லை. "பக்கத்தில் இருப்பவரைப் பாருங்கள். அவருக்கு என்ன வேண்டுமென்று கேளுங்கள். கேட்டதற்காக ஜெபியுங்கள்" என்றார்.

கோர்னெலின் பக்கத்தில் இருந்தவன் அலமாரி அகலத்துக்கு இருந்தான். கழுத்தெல்லாம் பச்சை குத்தியிருந்தது. "நான் ஜோல்ட். உங்களுக்கு என்ன வேணும், மாமா?" என்று ஹங்கேரிய மொழியில் கேட்டான்.

கோர்னெலின் ஹங்கேரியம் டிராமில் கற்றது. கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க, டிக்கெட்டைக் காட்டுங்க, கடைசி நிறுத்தம். துக்கம் சொல்ல இவை அவ்வளவாக உதவுவதில்லை. லியாவைக் காட்டினார். கிண்ணத்தைக் காட்டினார்.

"இவ அம்மா" என்றார். "கடைசி நிறுத்தம்."

ஜோல்ட் சிரிக்கவில்லை. லியாவின் முன் முட்டி போட்டான். தோளைத் தொடலாமா என்று கையாலேயே கேட்டான். அவள் வேண்டாமென்று சொல்லாததால் தொட்டான். கண்ணை மூடிக்கொண்டு ஜெபிக்க ஆரம்பித்தான். கருவியில் அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை. 'அம்மா' என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. அந்த மலை போன்ற ஆளின் கன்னத்தில் நீர் வழிந்தது.

லியா அழுதாள். அடக்கத்தன்று அழாதவள், வந்தவர்களுக்கெல்லாம் பலகாரம் போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு வார்த்தை புரியாத ஜெபத்துக்கு மூக்கு சிவக்க அழுதாள். அவள் மொழி முழுதும் தெரிந்த கோர்னெலுக்கு, அவளுக்கு என்ன வேண்டுமென்று இத்தனை நாளில் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவள் எழுந்தாள்.

"கோர்னெல், இங்கேயே வெச்சிடலாம்."

"பாதிரியார்?"

"நீ இருக்கியே. பாடு."

"நானா? ஜனம் ஓடிடும், லியா."

"ஓடறவங்க சாப்பிட்டுட்டு ஓடட்டும்."

காபி மேஜையருகே லியா கிண்ணத்தின் ஒரு விளிம்பைப் பிடித்தாள், அவர் மறு விளிம்பை. வழக்கப்படி எல்லோரும் சேர்ந்து அதைத் தூக்கி, 'என்றும் நினைவிலிருப்பாளாக' என்று பாடி மெல்ல ஆட்ட வேண்டும். கை எட்டாதவர்கள் முன்னால் நிற்பவர் தோளைத் தொட வேண்டும். எமெஷெ தயங்கி நின்றாள்.

"செத்தவங்களுக்காக எதுவும் கேக்க எனக்கு மனசாட்சி விடாது, அம்மா. ஆனா அவங்க வாழ்ந்ததுக்காக நன்றி சொல்லலாம்ல?"

லியா கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "எங்கம்மா கோவிச்சுக்க மாட்டா. வந்து பிடி."

எமெஷெ பிடித்தாள். கோர்னெல் தொடங்கினார். குரல் முதல் வரியிலேயே தடம் புரண்டது. லியா பிடித்து நிறுத்தினாள். "சவேத்தா" என்று பேர் சொல்லும் இடத்தில் அவர் தோளில் பாரமாக ஏதோ விழுந்தது. ஜோல்ட்டின் கை. அவன் பின்னால் இன்னொரு கை, அதன் பின்னால் இன்னொன்று. முன்னால் ஜெபம் நடந்தால் தோளில் கைவைப்பது அந்தச் சபையாருக்குப் பழக்கம். எதற்கு, யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வாசல்வரை வரிசை நீண்டது. கிண்ணம் ஆடியது, கூடவே அத்தனை பேரும் ஆடினார்கள். பேரைப் பிடித்துக்கொண்டு "சவேத்தா, சவேத்தா" என்று அவர்களும் பாடினார்கள், கோர்னெலைவிடச் சுருதி சுத்தமாக.

திருவிருந்துக்கு வைத்திருந்த விரற்கடைக் கோப்பைகளில் மிஞ்சியவற்றை எமெஷெ கொண்டுவந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டிகூட வராது. அரைக் கரண்டி கொடுத்தாள் லியா. வாங்கியவர்கள் "கடவுள் அவளை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும்; இவர்கள் "கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும்" என்று லியாவிடம் சொன்னார்கள். அவள் திருத்தவில்லை. இரண்டு பெண்கள் செய்முறை கேட்க, கோதுமையை எத்தனை தண்ணீரில் கழுவ வேண்டும் என்பதை எமெஷெ மூலம் விலாவாரியாகச் சொன்னாள்.

கடைசிக் கோப்பை கோர்னெலுக்கு. வாங்கிக்கொண்டு, "கடவுள் அவங்களை மன்னிக்கட்டும்" என்று முணுமுணுத்தார்.

"சத்தமாச் சொல்லு" என்றாள் லியா. "எங்கம்மாவுக்கு இடது காது மந்தம்."