செம்பனை எண்ணெய் போட்ட மவுத் ஆர்கன்

பதினைந்து வருடமாக மவுத் ஆர்கன் வாசிக்கிற என்னைப் பார்த்து, "அந்த எடத்துல நீ ஏமாத்துறண்ணே" என்று சொல்லும் துணிச்சல் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் இருந்தது. அது என் தங்கை தெரசம்மாள்.

அவள் சொன்ன இடம் எங்கள் அம்மா பாடிய பாட்டில் வருவது. கொழுந்து கிள்ளும்போது அம்மா தானாகக் கட்டிக்கொண்ட மெட்டு அது. வார்த்தைகூட அதிகம் கிடையாது, மாதாவே மாதாவே என்று போகும். இரண்டாம் அடியில் ஓர் இடத்தில் மெட்டு ஓர் அரைச் சுரத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏறும். என்னுடைய மவுத் ஆர்கனுக்கு மொத்தம் பத்து ஓட்டை. ஐந்தாம் ஓட்டையில் மூச்சை இழுத்தால் ஒரு சுரம், ஆறாம் ஓட்டையில் ஊதினால் அடுத்த சுரம். அம்மாவின் அரைச் சுரம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்தது, என் வாத்தியத்தில் இல்லவே இல்லை. வேறு சில ஓட்டைகளில் வாயையும் தொண்டையையும் குறுக்கிச் சுரத்தைக் கீழே வளைத்து இறக்குவேன், அதில் நான் கெட்டிக்காரன். ஆனால் ஆறாம் ஓட்டை வளையாது. எத்தனையோ நாள் மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டேன். அதனால் அந்த இடம் வந்ததும் பக்கத்துச் சுரத்தை வேகமாகத் தட்டிவிட்டுத் தாண்டிவிடுவேன். லயத்து வீட்டு வரிசைகளில் இருக்கும் ஜனம் தலையாட்டும். தெரசம்மாள் மட்டும் முகத்தைச் சுளிப்பாள்.

ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருடம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஹரோல்ட், பக்கத்து ஊரான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸர். எங்கள் லயத்து வழக்கப்படி கோயில் படியடியிலிருந்து வாசல்வரை பெண்ணைத் தாய்தான் பாடி அழைத்துப் போக வேண்டும். அம்மா இறந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது.

"அம்மாவுக்குப் பதிலா நீ வாசி" என்றாள் தெரசம்மாள். "ஆனா அந்த எடத்துல ஏமாத்தினா, அங்கயே நின்னுடுவேன். கோயிலுக்குள்ள போவ மாட்டேன்."

"நின்னுக்க. ஹரோல்ட் வேற பொண்ணு பாத்துப்பான்."

சிரித்துக்கொண்டு சொன்னேனே தவிர, அவள் நின்றாலும் நின்றுவிடுவாள் என்று தெரியும். சொன்னால் செய்கிறவள் அவள். ஏழு வயதில், செருப்பு வாங்கித் தராவிட்டால் வீட்டுக்குள் வரமாட்டேன் என்று மழையில் நின்று, காய்ச்சலோடு செருப்பை வாங்கிக்கொண்டவள்.

என்னைக் காப்பாற்றியவர் கமருஸ்ஸமான் நானா. தானா ராத்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். அப்போது அங்கே சாப்பாடு என்றால் மரவள்ளிக்கிழங்குதான், அதையே ஆறு பெயரில் விற்றார். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒரே ராத்திரியில் காரில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடியபோது விட்டுப்போன சாமான்களில் ஒன்றைத் துரையின் சமையல்காரன் அவரிடம் கொடுத்து அரிசி வாங்கியிருந்தான். அதை என் முன்னால் வைத்தார். பெரிய மவுத் ஆர்கன்: பன்னிரண்டு ஓட்டை, பளபளவென்று தகடு, வலது ஓரத்தில் ஒரு பொத்தான்.

"பொத்தான அமுக்கினா சத்தம் கொஞ்சம் மேல போவுது தம்பி. கெட்டுப்போச்சோ என்னமோ. தங்கச்சிக்கு என் சீரா வச்சுக்க."

ஊதினேன். பொத்தானை அமுக்கினேன். சுரம் சரியாக அரைப்படி ஏறியது. கடை நடுவில் நின்று நானாவைக் கட்டிப்பிடித்தேன்.

பதினைந்து வருடம் வாசித்தவனுக்கு இது எத்தனை நாள் ஆகும்? இரண்டு நாள் என்று வாய்விட்டேன். கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. ஐந்து வாரமும் போதுமா என்று ஆகிவிட்டது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் காயவைக்கும் அடுப்பைப் பார்த்துக்கொண்டவன். தேயிலை வாங்க ஆளில்லாததால் அந்த அடுப்பில் மரவள்ளிச் சீவல் காய்ந்தது. விறகைத் தள்ளிவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் பழகினேன். முதல் நாளே அந்தச் சனியன் என்னை அழவைத்தது. நாலாம் ஓட்டையும் ஐந்தாம் ஓட்டையும் ஒரே சுரம். எந்த முட்டாள் செய்த வேலை இது? என் பழைய சின்னதில் மேல் ஓட்டைகளுக்குப் போனால் இழுப்பதும் ஊதுவதும் இடம் மாறும், என் மூச்சுக்கு அது பழகிப்போயிருந்தது. பெரியதில் அந்த மாற்றமே இல்லை. நாலு நாலு ஓட்டையாக ஒரே பாடத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். சின்னதில் வாய் நிறைய இழுத்தால் நாலு சுரம் சேர்ந்து இனிமையாக வரும். பெரியதில் அப்படி இழுத்தேன், குழாயடிச் சண்டை மாதிரி இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கேவலம், என் கெட்டிக்காரத்தனமே எனக்கு எதிரியானது. என் வாய் தன்னாலே சுரத்தை வளைத்தது. அதுவும் பெரியது எந்த ஓட்டையிலும் வளைந்து கொடுத்தது. நான் நேராக ஊதுவதாக நினைப்பேன், சுரமோ தொங்கும்.

ஹரோல்டின் தங்கை மேவிஸ் கோயிலில் பாட்டு நடத்துகிறவள். கல்யாணத்தில் பெண்களோடு சேர்ந்து பாட, மெட்டுக் கேட்க ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள்.

"ஏன் எல்லாச் சுரமும் நனைஞ்ச துணி மாதிரி தொங்குது?" என்றாள். "நேரா ஊதுங்க. அதான் பொத்தான் இருக்குல்ல?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் விறகுக்கட்டையைத் தூக்கியிருப்பேன். மேவிஸ் சொன்னதால் நேராக ஊதப் பழகினேன்.

நாலாம் வாரம் பிடிபட்டது. இரண்டாம் ஓட்டையில் இழுத்து, பொத்தானை அமுக்கினால் அம்மாவின் அரைச் சுரம் சுத்தமாக வந்தது. ஓடிப்போய்த் தெரசம்மாளுக்கு வாசித்துக் காட்டினேன். துரை பங்களாவின் ஜன்னல் திரையைக் கல்யாணக் கவுனாகத் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியை நிறுத்திக் கேட்டாள்.

"சுரம் சரிதாண்ணே. ஆனா…"

"ஆனா என்னா ஆனா?"

"தெரியல. நீ ஏமாத்தல. அது போதும்லா."

போதும் என்று அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் பொத்தான் கீச்கீச்சென்று சத்தம் போட்டது. கோழி இறகால் இரண்டு சொட்டுச் செம்பனை எண்ணெய் தொட்டுவைத்தேன். அந்தக் காலத்தில் குழம்புக்கும் விளக்குக்கும் தலைக்கும் அதுதான் எண்ணெய். அடுப்போரத்தில் பொத்தான் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. நானே என் முதுகில் தட்டிக்கொண்டேன்.

காலையில் பனி இறங்கியிருந்தது. குளிரில் உள்ளே இருக்கும் தோல் நாக்குகள் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மவுத் ஆர்கனைச் சட்டைக்குள், கக்கத்தில் வைத்துக்கொண்டேன். மூன்று மைல் நடந்து தானா ராத்தா முனைக்கு வந்தோம். அங்கே ஜப்பான்காரனின் காவல்கூண்டு. எல்லோரும் வரிசையாக நின்று குனிந்து வணங்கினோம். எங்கள் அனுமதிச் சீட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் என் கக்கத்து மேட்டைக் கண்டுவிட்டான். துப்பாக்கியால் குத்திக் காட்டினான். எடுத்து நீட்டினேன்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "ஹார்மோனிகா!" என்று கத்தி இன்னொருவனைக் கூப்பிட்டான். இருவரும் பொத்தானை மாறி மாறி அமுக்கிப் பார்த்தார்கள். ஒருவன் தன் ஊர் மெட்டில் ஏதோ இரண்டு வரி ஊதினான், மோசமில்லை. பிறகு நனைந்த இரும்புத் தொட்டியின் மேல் அதை வைத்துவிட்டு எங்களைத் தலை எண்ணினார்கள். எண்ணிக்கை தவறியது, மறுபடியும் எண்ணினார்கள். அரை மணி நேரம் கழித்து மவுத் ஆர்கனை என் கையில் கொடுத்து முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். ஐஸ்கட்டி மாதிரி சில்லென்று இருந்தது. கோயில் படி எதிரிலேயே தெரிந்தது. சூடாக்க நேரமில்லை.

படியடியில் நின்று ஆரம்பித்தேன். மேவிஸும் பெண்களும் சேர்ந்து பாடினார்கள். தெரசம்மாள் கவுனைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். வாசலில் ஹரோல்ட் கழுத்துப் பட்டியைச் சரிசெய்தபடி நின்றான். இரண்டாம் அடி வந்தது. இழுத்தேன், அமுக்கினேன். அரைச் சுரம் சுத்தமாக விழுந்தது.

போன பொத்தான் திரும்பி வரவில்லை.

எங்கள் மலையில் எண்ணெய்ப் போத்தலை அடுப்போரம் வைக்காவிட்டால் காலையில் ஒரு சொட்டுக்கூட ஊற்ற முடியாது, உறைந்துவிடும். கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும்தான், நேற்றுத் தெரியாமல் போய்விட்டது.

பொத்தான் உள்ளேயே மாட்டிக்கொண்டதால் மொத்தப் பாட்டும் அரைப்படி மேலே ஏறிவிட்டது. நிறுத்தினால் மானம் போகும். அப்படியே வாசித்தேன். மேவிஸ் என்னை ஒரு பார்வை பார்த்தாள், மறு நொடியில் குரலை மேலே தூக்கினாள். பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். வேண்டுமென்றே செய்தது போல ஜோராக இருந்தது. பின்வரிசையில் வந்த கமருஸ்ஸமான் நானா "சபாஷ்!" என்றார்.

நான் வேர்த்துக்கொண்டிருந்தேன். படி நிறைய, பாட்டு சின்னது. இரண்டாம் தடவை பாடியே ஆக வேண்டும், அந்த இடம் மறுபடியும் வரும். அமுக்குவதற்குப் பொத்தான் ஏது? அதுதான் ஏற்கெனவே உள்ளே கிடக்கிறதே. இப்போது இரண்டாம் ஓட்டையில் இழுத்தால் ஒரு சுரம், மூன்றாம் ஓட்டையில் ஊதினால் அடுத்த சுரம், நடுவில் ஒன்றுமில்லை. பதினைந்து வருடப் பள்ளம் அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது.

தாண்டிவிடலாமா? தெரசம்மாளின் முதுகைப் பார்த்தேன். அவள் காது என் பக்கம்தான் இருந்தது.

இடம் வந்தது. மூன்றாம் ஓட்டையில் ஊதினேன். நாக்கைப் பின்னுக்கு இழுத்து, தொண்டையைக் குறுக்கி, ஐந்து வாரமாக மறக்கப் பாடுபட்ட அந்தப் பழைய வேலையைச் செய்தேன். சுரம் மேலிருந்து தயங்கித் தயங்கி இறங்கி, அரைப்படியில் வந்து நின்று லேசாக நடுங்கியது.

தெரசம்மாள் நின்றுவிட்டாள்.

பாட்டு நின்றது. பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். மவுத் ஆர்கனை வாயிலிருந்து எடுத்தேன். தாண்டவில்லையே, ஏமாற்றவில்லையே! கல்யாணத்தையே கெடுத்துவிட்டேனா?

அவள் திரும்பினாள். கண்ணீர் முக்காட்டை நனைத்திருந்தது, வாய் சிரித்தது.

"அண்ணே… அம்மா இப்படித்தான் எறங்கி வரும். நேரா வராது. எனக்குச் சொல்லத் தெரியாமப் போச்சு."

எனக்கும் அப்போதுதான் கேட்டது. கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கும் அம்மாவின் குரல், அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் இடறி வரும் குரல். வெட்கமில்லாமல் அழுதேன்.

"இன்னொரு தடவ அந்த எடத்த வாசி" என்றாள்.

"தெரசா, சாமியார் உள்ள காத்துக்கிட்டிருக்காருலா!" என்று ஹரோல்ட் வாசலிலிருந்து கத்தினான்.

"இருக்கட்டும். நீங்களும் இருங்க."

மூக்கைத் துடைத்துக்கொண்டு வாசித்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அதற்குப் பிறகுதான் என் தங்கை படியேறினாள்.