நின்ற கோலம், கிடந்த கோலம், இருந்த கோலம்

சாவின் முன்னால் மனிதன் உட்காரக் கூடாது. ஒரு சமூகம் எவ்வளவு பண்பட்டது என்பதை அதன் கல்லறைகளைப் பார்த்துச் சொல்ல முடியாது. சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பவனின் முதுகெலும்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஈமச்சடங்கு நடத்துபவர்களின் சங்கக் கூட்டத்தில் என் அத்தான் வெண்டல் ஹாகனைப் பாராட்டி இப்படித்தான் பேசினார்கள். அத்தான் மேடையில் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஆசனவாய் ஓரத்தில் பவுத்திரம். உட்கார முடியாது.

குடல் தன்னையே பகைத்துக்கொண்டு புண்ணாகிற குரோன் நோய் அவருக்கு. அந்தப் புண் உள்ளேயிருந்து வழி தோண்டிக்கொண்டு வந்து தோலில் ஓட்டையாகத் திறந்திருந்தது. சீழ் தேங்காமல் வடிவதற்காக அதில் ஒரு ரப்பர் நூலை வளையமாகக் கோத்துவிட்டிருந்தார்கள். இது தெரிந்தவர்கள் டாக்டர், என் அக்கா லவோன், அத்தானுடைய ஈமச்சடங்கு நிலையத்தின் அமரர் ஊர்தியை ஓட்டுகிற நான், மூன்று பேர்தான். ஊரில் யாரும் கேட்கவில்லை. மினசோட்டாவின் இந்தப் பகுதியில் பக்கத்து வீட்டுக் கூரை பற்றி எரிந்தாலும், "இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியை எடுப்பார்கள். கேட்காதவர்கள் தாங்களாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். இறந்தவருக்கு மரியாதை செய்யத்தான் வெண்டல் உட்காருவதில்லையாம். அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் உட்கார்ந்து ஹாம் சாண்ட்விச் தின்னும்போது அவர் மட்டும் தூணருகே தட்டோடு நிற்பார். கிழவிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊர்ப் போட்டிக்காரர் தன் ஆட்களுடைய நாற்காலிகளை எல்லாம் எடுத்துவிட்டாராம். சங்கம் அத்தானுக்குப் பரிசு கொடுத்தது, பெயர் பொறித்த ஆடும் நாற்காலி. அக்கா அதில் துவைத்த துணியைப் போட்டு வைத்தாள்.

கொஞ்ச நாளில் அத்தானே அதை நம்பத் தொடங்கிவிட்டார்.

"நிக்கிறதுல ஒரு கம்பீரம் இருக்கு மாப்ள. உக்காந்தவனுக்கு அது புரியாது."

"நூல் உறுத்துதா அத்தான்?"

"உறுத்துது."

ஊசியும் நரம்பில் ஏற்றிய மருந்தும் ஒவ்வொன்றாகக் கைவிட்ட பிறகு, நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் ரெனீ பெல்சர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, குடலை வயிற்றில் திறந்துவிட்டு மலம் வந்து சேர அங்கே ஒரு பையை ஒட்டுவது.

"பை கோட்டுக்கு வெளிய தெரியுமா டாக்டர்?" என்று கேட்டார் அத்தான்.

"தெரியாது. ஆனா சில நேரம் சத்தம் போடும். அது நம்ம கையில இல்ல."

"ஜெபம் நடக்கும்போதா?"

"அதுக்கு ஜெபம்னு தெரியாதே."

அத்தானின் முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை. அவருடைய தொழிலின் மூலதனமே அமைதி. விதவை விம்மலை அடக்கிக்கொண்டிருக்கிற நொடியில் தன் வயிறு வாய் திறப்பதை அவர் மனதுக்குள் கேட்டுவிட்டார்.

இரண்டாவது வழி இன்னும் சோதனையில் இருந்தது. அவருடைய வயிற்றிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்துச் சில வாரம் வளர்ப்பார்கள். தானாகக் கரைந்துபோகிற சின்ன அடைப்பான் ஒன்றில் அவற்றைப் படியவைத்து, பவுத்திர வழிக்குள் செருகித் தைப்பார்கள். அந்த செல்கள் புண்ணின் கோபத்தைத் தணித்து சதை மூட உதவும்.

"எல்லாருக்கும் மூடுறதில்ல. மூடலைன்னா பைதான். இப்பவே சொல்லிடறேன்" என்றார் டாக்டர்.

அக்கா அத்தானின் வயிற்றைப் பார்த்தாள். உருளைக்கிழங்கும் கொத்துக்கறியும் சீஸும் போட்டு அவள் சுட்டெடுக்கிற ஹாட்டிஷ் அத்தனையும் அங்கேதான் இருந்தது.

"நான் இத்தனை வருஷமா மருந்துதான் சமைச்சிருக்கேன் போல. எடுத்துக்குங்க டாக்டர். ஊருக்கே மூடலாம்."

ஆஸ்பத்திரிக்குப் போய்வர ஒரே வண்டிதான் தோதுப்பட்டது. அமரர் ஊர்தியில் மட்டும்தான் ஓர் ஆள் நீட்டிப் படுக்க இடமுண்டு. அத்தான் கறுப்புக் கோட்டோடு பின்னால் குப்புறப் படுத்துக்கொள்வார். எங்கள் பக்கத்தில் அமரர் ஊர்தி எதிரே வந்தால் வண்டியை ஓரம்கட்டுவது வழக்கம். பனி குவிந்த சாலையோரத்தில் ட்ராக்டர்களும் பால் லாரிகளும் வரிசையாக நின்றன.

"யாரு மாப்ள நிறுத்தியிருக்கிறது?" பின்னாலிருந்து அத்தான் குரல்.

"நெல்ஸ் ப்ராட்டன். தொப்பியைக் கழட்டிட்டான்."

"நல்ல பையன். மெதுவாப் போ."

"இருபதுலதான் போறேன். உங்களுக்கு வலிக்கும்னு."

"எனக்காக இல்ல. அவன் மரியாதை பண்றான்ல."

நூலை உருவிவிட்டு அடைப்பானை வைத்துத் தைத்த பிறகு காத்திருப்புதான். குளியலறையிலிருந்து அத்தான் வெளியே வரும்போதெல்லாம் அக்கா முகத்தைப் பார்ப்பாள், கேட்க மாட்டாள். ஒருநாள் அவராகவே சொன்னார்: "இன்னிக்கு ஒண்ணும் வடியல." அக்கா அடுப்பின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே அணைந்திருந்ததை இன்னொரு முறை அணைத்தாள்.

பனி உருகத் தொடங்கியபோது டாக்டர் பெல்சர் தொட்டுப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் படத்தையும் பார்த்தார்.

"மூடிடுச்சு வெண்டல். பை வேண்டாம்."

"அப்ப நான்…"

"உக்காரலாம். இப்பவே உக்காரலாம்."

அத்தான் உட்காரவில்லை. டாக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார், தொழில்முறையில், மெதுவாக, இரண்டு கையாலும். பிறகு அவர் தோள் குலுங்கியது. "உங்க இழப்புக்கு வருந்துறேன்" என்றார். பழக்கம். டாக்டர் சிரிக்காமல், "நன்றி" என்றார்.

திரும்பும்போது அத்தான் முன்சீட்டில் உட்கார்ந்து சர்க்கரை தூவிய டோனட் தின்றுகொண்டு வந்தார். ஓரம்கட்டியிருந்த நெல்ஸ் ப்ராட்டன் பாதி கழற்றிய தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டான்.

ஊரில் ஒரு சிக்கல் இருந்தது. உட்கார்ந்தால் பெயர் போய்விடும்.

"என்னங்க, இன்னும் யாருக்காக நிக்கிறீங்க?" என்றாள் அக்கா.

"எதிர்பார்க்கிறாங்க லவோன்."

"செத்தவங்களா?"

அந்த வாரம் பால்பண்ணைக்கார லைல் ஸ்டென்சன் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. தேவாலயத்தின் முதல் வரிசையில் அவர் மனைவி ஆர்டிஸ் தன்னந்தனியாக உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஆட்கள் துக்கத்துக்கும் இடம் விட்டுத்தான் உட்காருவார்கள்; அவளுக்குப் பின்னால் இரண்டு வரிசை காலி. அத்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆர்டிஸ் அவரை நிமிர்ந்து பார்த்து, பக்கத்துப் பலகையைத் தட்டினாள்.

"வந்து உக்காருங்க வெண்டல். லைல் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாரு. எனக்குத்தான் இந்தப் பக்கம் குளிருது."

அத்தான் பெட்டியைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். போய் உட்கார்ந்தார். தேவாலயத்தில் யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். ஆர்டிஸ் அவர் தோளில் சாய்ந்துகொண்டு, போதகர் பேசி முடிக்கும்வரை அழுதாள். அத்தான் அசையவில்லை. பின்பக்கம் முழுவதும் பலகையில் பதிய உட்கார்ந்திருந்தார்.

பிறகு பாட்டுக்காக எல்லோரும் எழுந்தார்கள். அத்தானும் எழுந்தார். எழுந்தவர் திரும்பிக் குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, ஏதாவது கசிந்திருக்கிறதா என்று கையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

பலகை உலர்ந்திருந்தது. நான்காம் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை எல்லோரும் பார்த்தார்கள்.