கையை எடு

ஒன்றரை வருஷத்துக்கு மேலாக வேலை தேடிக்கொண்டிருந்த பெரியவளை, அன்றைக்கு வேலையே போன் செய்து கூப்பிட்டது. பேசியவர் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு பெண் டாக்டர். பேச்சு ரொம்பச் சுருக்கம். நாளைக் காலையில் வாருங்கள், மத்தியானம் வரைக்கும் கூட நின்று வேலை செய்யுங்கள், சரிப்பட்டால் மேலே பேசலாம் என்றார். பெரியவள் சரி டாக்டர், சரி டாக்டர் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தப் பக்கம் எப்போதோ போனை வைத்தாகிவிட்டது.

அந்த வீட்டில் மூன்று பேர். பெரியவள், அவளுடைய தங்கை சின்னவள், சின்னவளின் கணவன். தெருமுனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அவனைப் பெரியவள் மாப்பிள்ளை என்பாள், அவன் அவளை அண்ணி என்பான். வயசில் சின்னவன்தான், ஆனால் கேலி செய்வதற்கு வயசு பார்க்கிற ஆள் இல்லை.

பெரியவள் இளம்வயசிலிருந்து ஒரு பிராணி ஆஸ்பத்திரியில் இருந்தவள். ஊசி போடும்போதும் காயம் கழுவும்போதும் பிராணியைப் பிடித்துக்கொள்வது அவள் வேலை. அங்கிருந்த பெரிய டாக்டர் தள்ளாமையால் ஆஸ்பத்திரியை மூடினார். அதற்கப்புறம் அவள் ஏறாத படி இல்லை. போன இடத்தில் எல்லாம், முன்னால் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்பார்கள். பிடிக்கிற வேலை என்பாள். பிடித்த வேலை சரி, என்ன வேலை என்று திரும்பவும் கேட்பார்கள். விளக்கிச் சொல்வதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். மாப்பிள்ளை கடையில் பயோடேட்டா அடித்துக் கொடுத்துக் கொடுத்துச் சலித்துப்போனான். இனிமேல் காகிதமே வைக்க வேண்டாம், மெஷினுக்கு உங்கள் ஜாதகம் மனப்பாடம் என்பான்.

கையருகே வந்து போன வேலை ஒன்று உண்டு. வெளியூர் போகிறவர்களின் நாய்களைப் பார்த்துக்கொள்ளும் விடுதி அது. மேனேஜர் அவளை விட மூத்தவர், நல்ல வழுக்கை. எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நடுவில் அவருக்குப் பின்னாலிருந்த இரும்பு பீரோவின் கதவு தடாலென்று அடித்துக்கொண்டது. மனிதர் தூக்கிவாரிப்போட்டு எழுந்தார். பெரியவளின் கை தன்னால் போய் அவருடைய பிடரியில் உட்கார்ந்தது.

"ஒண்ணும் இல்லடா ராஜா, ஒண்ணும் இல்ல. நான் இருக்கேன்ல."

அதற்கப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை.

விஷயத்தைக் கேட்டு மாப்பிள்ளை சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோயைக் கண்டுபிடித்தவன் போல ஒரு தீர்ப்புச் சொன்னான். அண்ணிக்குத் தொழில் சுத்தம், வாய்தான் கெட்டுக் கிடக்கிறது. காலம் முழுக்க டா, டி, கண்ணு, கழுதை என்று பேசிப் பழகிய வாய். அதை முதலில் திருத்த வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி நடந்தது. சின்னவள் டீ கொடுக்கும்போது, எடுத்துக்கொள்ளுங்கள் மேடம் என்பாள். பெரியவள், ரொம்ப நன்றிங்க மேடம் என்று வாங்கிக்கொள்வாள். பயிற்சி எந்த அளவுக்குப் போயிற்று என்றால், ஒருநாள் காலையில் சுவரைப் பார்த்துவிட்டு, கடிகாரம் நின்னு போயிட்டாங்க என்று அவள் சொல்ல, அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்து வீட்டில் யாராலும் சாப்பிட முடியவில்லை.

டாக்டரின் போன் வந்த அன்றைக்கு அவளே ஒரு முடிவும் சொன்னாள். இதுதான் கடைசி. இதுவும் சரிப்படாவிட்டால் மறுநாளிலிருந்து மாப்பிள்ளையின் கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். மாப்பிள்ளை பெருந்தன்மையாகத் தலையாட்டினான். அவன் கடையில் ஒரு குறையும் இல்லை. மெஷினுக்கு வால் இல்லை, தொட்டால் சூடாக இருந்தாலும் அது வேறு சூடு, அவ்வளவுதான்.

காலையில் நகத்தை ஒட்ட வெட்டினாள். மோதிரத்தைக் கழற்றினாள். தலைமுடியை இழுத்துக் கட்டி, துவைத்துத் துவைத்து மெலிந்துபோன பருத்திச் சட்டை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"வேலைக்குப் போறியா, வீடு கழுவப் போறியா?" என்றாள் சின்னவள்.

"ரெண்டும் ஒண்ணுதான்டி" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஒண்ணுதாங்க மேடம்" என்று திருத்தினாள்.

ஆஸ்பத்திரிக் கதவைத் தள்ளியதும் அந்த வாசனை வந்து மேலே விழுந்தது. பினாயில், ஈர ரோமம், மருந்து, அதற்கு அடியில் லேசாக மூத்திரம். பெரியவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பினாயில் நெடி அதிகமோ என்று கவுண்டரில் இருந்த பெண் கரிசனமாகக் கேட்டாள்.

கம்பவுண்டர் வந்து இடத்தைச் சுற்றிக் காட்டினார். நல்ல மனிதர், இடுப்பில் பட்டை போட்டிருந்தார். முதுகு போய்விட்டது, பெரிய நாய்களைத் தன்னால் பிடிக்க முடிவதில்லை என்றார். உள்ளே வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், ரப்பர் விரித்த இரும்பு மேஜை, தரையோடு தரையாகப் பதித்த எடை மேடை. பெரியவள் கேட்காமலே சட்டைக் கையை மடித்துக்கொண்டு கூண்டுகளைக் கழுவ ஆரம்பித்தாள். தண்ணீரை எந்தப் பக்கம் சாய்த்தால் எந்தப் பக்கம் போகும் என்று கைக்கு நினைவிருந்தது. ஒரு கூண்டிலிருந்து குட்டி நாய் ஒன்று அவள் கட்டை விரலை நக்கியது. அவளுக்கு உள்ளே துள்ளிக் குதித்தது. ஆனால் டாக்டர் பக்கத்து அறையில் இருந்தார். ஆகையால், வணக்கம்ங்க என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

முதலில் வந்தது ஒரு பூனை. தடுப்பூசி. துண்டைப் போட்டு அவள் பிடிக்க, டாக்டர் ஊசியோடு வந்தார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புறீங்களா?" என்றாள் பெரியவள்.

டாக்டர் திரும்பினார். பூனையைத்தான் சொன்னேன் என்று அவள் மெதுவாகச் சொன்னாள். கவுண்டர் பெண் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். மரியாதை கொடுத்துப் பேசினால் கூடவே உடம்பும் விறைத்துக்கொள்கிறது, கைக்குள் இருந்த பூனைக்கு அது தெரிந்துவிட்டது. வரி கேட்க வந்தவரைப் பார்ப்பது போல அவளைப் பார்த்துவிட்டு, துண்டிலிருந்து வழுக்கி, மருந்து அலமாரியின் உச்சியில் போய் உட்கார்ந்தது. கம்பவுண்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறி இறக்க வேண்டியதாயிற்று. டாக்டர் ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த சீட்டை எடுத்தார். திட்டியிருந்தால் கூடத் தேவலை. பெரியவளின் காதில் ஜெராக்ஸ் மெஷின் சர்ர்ரென்று ஓட ஆரம்பித்தது.

அப்புறம் குட்டிம்மா வந்தாள்.

பெயர்தான் குட்டிம்மா, ஆள் கன்றுக்குட்டி கணக்கு. பழுப்பு நிறக் கிழட்டு நாய். கூட்டி வந்தவர் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர், ஒல்லியான மனிதர். நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, எச்சில் ஒழுகுகிறது, காலால் வாயைப் போட்டுப் பிறாண்டிக்கொள்கிறாள் என்றார். உள்ளே இருந்தால் அழுதுவிடுவேன் என்று தானே சொல்லிவிட்டு வெளியே போனார்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மேல்வாயில், இந்தப் பக்கப் பல்லுக்கும் அந்தப் பக்கப் பல்லுக்கும் நடுவே, பாலம் போட்டது போல ஓர் எலும்புத் துண்டு குறுக்கே இறுகிக் கிடந்தது. வாய்க்குள் வேலை, அதனால் வாயைக் கட்ட முடியாது. ஏற்கெனவே இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற நாய், மயக்க ஊசி போட டாக்டருக்கு மனம் வரவில்லை. முதலில் கையால் பார்த்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் பெரியவளைப் பார்த்தார்.

"பிடிப்பீங்களா?"

பெரியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். குட்டிம்மாவைத் தன் மடிக்கு முன்னால் உட்கார வைத்து, ஒரு கையைக் கழுத்தைச் சுற்றிப் போட்டு, இன்னொரு கையால் நெஞ்சை அணைத்து, முதுகோடு மார்பு ஒட்டப் பிடித்தாள். நாயின் மூச்சு அவள் மூச்சின் மேல் ஏறி இறங்கியது. கம்பவுண்டர் வெளிச்சம் காட்டினார். டாக்டர் ஒரு கையால் மேல்தாடையைத் தூக்கி, மறு கையால் இடுக்கியை உள்ளே விட்டார். கை சுத்தமான கை, தயக்கமே இல்லை. எலும்பு அசைந்தது, வரவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே போனார்.

நாயின் மூச்சு நின்றது.

உறுமல் கேட்கவில்லை, உதடு கூட ஏறவில்லை. டாக்டர் இருந்த பக்கத்திலிருந்து எதுவும் தெரிய வாய்ப்பில்லை. மார்போடு ஒட்டிப் பிடித்திருந்தவளுக்கு மட்டும், அந்த உடம்பு முழுக்க ஒரே இறுக்கமாகச் சுருண்டது தெரிந்தது. டாக்டர், தயவுசெய்து உங்கள் கையைக் கொஞ்சம் என்று ஒரு வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்தது. அது முழுசாக வெளியே வர அங்கே நேரம் இல்லை.

"கையை எடு."

கை வெளியே வந்தது. அதன் பின்னாலேயே தாடை மூடியது, இழுப்பறையை அறைந்து சாத்துகிற சத்தத்தோடு. நடுவில் காற்று மட்டும்தான் மாட்டிக்கொண்டது.

"ஏண்டி, யார்கிட்டடி காட்டுற? ம்? இவ்வளவு பெரிய உடம்ப வெச்சுக்கிட்டு இத்தனூண்டு எலும்புக்கா இந்த ஆட்டம்? வலிக்குதா? வலிக்கும். வலிக்கத்தான் செய்யும். திருட்டுத்தனமா எடுத்துத் தின்னேல்ல? வெக்கமா இல்ல? இங்க பாரு, என் தங்கம்ல…"

என்ன பேசுகிறோம் என்று அவளுக்கே தெரியாது. வாய் பாட்டுக்குத் திட்டிக்கொண்டே கொஞ்சியது, கொஞ்சிக்கொண்டே திட்டியது. அணைத்திருந்த உடம்பு இளகிக்கொண்டு வந்தது. ஒரு பெருமூச்சு வந்தது. அந்த மூச்சு இறங்குகிற இறக்கத்தில் பெரியவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"ம், இப்பப் போ. சீக்கிரம்."

டாக்டர் போனார். ஒரே இழுப்பு. டக்கென்று எலும்பு இடுக்கியோடு வெளியே வந்தது. குட்டிம்மா வாயை இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்து, நம்ப முடியாமல் நாக்கால் உள்ளே தடவிப் பார்த்து, பிறகு பெரியவளின் முகத்தை முகவாயிலிருந்து நெற்றி வரைக்கும் ஒரே நக்காக நக்கினாள். பெரியவள் வாய்விட்டுச் சிரித்தாள். வேன் டிரைவர் உள்ளே வந்து, சொன்னபடியே அழுதார்.

அவர்கள் போன பிறகுதான் பெரியவளுக்கு உறைத்தது. கம்பவுண்டர் இன்னும் டார்ச்சை அணைக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கை கழுவப் போயிருந்தார். கம்பவுண்டர் பக்கத்தில் வந்து, டாக்டரை இதுவரைக்கும் யாரும் அப்படிப் பேசியதில்லை, கேட்டால் நாயைத்தான் சொன்னேன் என்று சொல்லிவிடுங்கள் என்றார்.

"நாய்க்கு ஏதுண்ணா கை?" என்றாள் பெரியவள் பரிதாபமாக.

கம்பவுண்டர் யோசித்துப் பார்த்துவிட்டு, அதுவும் சரிதான் என்றார்.

ரப்பர் விரிப்பைத் துடைத்து மடித்து வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். இத்தனை நாள் பழக்கியும் வாய் பழகவில்லையே என்று இருந்தது. ஆனால் இன்னொரு தரம் அதே இடத்தில் உட்கார்ந்தால் இதே வார்த்தைதான் வரும் என்பதும் தெரிந்தது. சொல்லாமல் ஓடுவது சரியில்லை என்று கழுவும் தொட்டி அருகே போய் நின்றாள்.

"டாக்டர், அது… உங்களைத்தான் சொன்னேன். ரெண்டு தரமும். மன்னிச்சிடுங்க."

டாக்டர் குழாயை மூடிவிட்டு, இடது கைச் சுண்டுவிரலை அவள் முன்னால் நீட்டினார். நுனியிலிருந்து அடி வரைக்கும் தையல் போட்ட தழும்பு.

"இதுக்கு முன்னாடி இங்க பிடிச்சவரு ரொம்ப மரியாதையான மனுஷன். 'டாக்டர், நீங்க தப்பா எடுத்துக்கலைன்னா உங்க கையைக் கொஞ்சம்'னு ஆரம்பிச்சாரு. அவர் முடிக்கறதுக்குள்ள நாய் முடிச்சிடுச்சு."

பெரியவளுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. டாக்டர் முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் மட்டும் இருந்தது.

"வேலை இல்லாத நேரத்துல டாக்டர்னு கூப்பிடுங்க. நான் பிராணி மேல கை வெச்சிருக்கும்போது எப்படி வேணா கூப்பிடுங்க. சின்னதா இருந்தா போதும்." துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். "அப்புறம் அந்தப் பையை எங்கயாவது மாட்டுங்க. சாயங்காலம் வரைக்கும் ஆள் இருக்கு."

பையை ஆணியில் மாட்டத்தான் போனாள். முதல் தரம் ஆணியைத் தவறவிட்டாள். கம்பவுண்டர் வாங்கி மாட்டிவிட்டு, டீ சொல்லட்டுமா என்றார். வேண்டாம் அண்ணா, முதலில் வீட்டுக்குப் பேசிவிடுகிறேன் என்று போனை எடுத்தாள்.

வீட்டில் இருப்புக் கொள்ளாமல் சின்னவள் ஜெராக்ஸ் கடைக்கே வந்துவிட்டிருந்தாள். முதல் மணி முழுசாக அடிப்பதற்குள் எடுத்தாள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்றாள்.

"மத்தியானச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன்" என்றாள் பெரியவள். "இங்க ஆள் இருக்காங்க."

"யாரு இருக்காங்க?"

"மூணு நாயி, ஒரு முயலு."

சின்னவள் கணவனின் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அவன் அண்ணி என்று ஆரம்பிப்பதற்குள், அந்தப் பக்கம் டாக்டரின் குரல், அடுத்து முயல் என்று கூப்பிட்டது. பெரியவள் போனை அப்படியே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினாள். துண்டிக்க மறந்துவிட்டாள்.

மாப்பிள்ளை போனைக் கவுண்டரின் மேல் வைத்துச் சத்தத்தைக் கூட்டினான். புருஷனும் பெண்சாதியும் இரண்டு பக்கமும் குனிந்து கேட்டார்கள். இரும்புத் தட்டு உருண்டது. எங்கேயோ ஒரு நாய் குரைத்தது. நடுவில் பெரியவளின் குரல், இந்த ஒன்றரை வருஷத்தில் அவர்கள் கேட்காத கனத்தோடு வந்தது.

"அசையாம நில்லு. ஆங், அப்படித்தான். இப்பத் தள்ளு."

"முயலைச் சொல்றாங்களா, டாக்டரைச் சொல்றாங்களா?" என்றான் மாப்பிள்ளை.

சின்னவள் அவன் வாயைப் பொத்தினாள். கடை வாசலில், கையில் காகிதத்தோடு நின்றிருந்த ஒருவர், மெஷின் ஓடவில்லையா என்று கேட்டார்.

மாப்பிள்ளை பொத்தியிருந்த கையை விலக்கிக்கொண்டு சொன்னான்:

"கொஞ்சம் இருங்க சார். எங்க அண்ணி வேலையில இருக்காங்க."