இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

என் இடது தோளுக்குள் ஓர் எஃகுத் தகடு இருக்கிறது. மாவட்டச் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறேன். ஒரு ஜனவரிக் காலையில் வண்டி வழுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது, தோள் நொறுங்கியது. எலும்பு கூடிவிட்டது, வேலைக்கும் திரும்பிவிட்டேன். ஆனால் துப்பாக்கியின் உதையை மட்டும் அந்தத் தோள் தாங்கவே இல்லை. நான் இடது கைக்காரி. வலது தோளில் வைத்தும் சுட்டுப் பார்த்தேன். கொட்டகைச் சுவரில்கூடப் படவில்லை.

எங்கள் பக்கத்தில், மிச்சிகனின் வடக்குக் காட்டில், நவம்பர் பதினைந்தாம் தேதி மான் வேட்டை தொடங்குகிறது. அன்று பள்ளிக்கூடமே திறப்பதில்லை. அந்த நாளில் வேட்டைக் குடிலில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பவளாக நான் ஆகிவிட்டேன். என் கணவன் ரைனோவுக்கு அது என்னைவிட அதிகமாக உறுத்தியது.

ரைனோ இரும்புச் சுரங்கத்தின் பட்டறையில் லேத் ஓட்டுபவன். எனக்கு வேண்டியது செமி-ஆட்டோமேட்டிக் என்று முடிவு செய்தான். வெடிமருந்தின் வாயுவைக் கொண்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி அது. அந்த வேலைக்காக உதையில் ஒரு பங்கைத் தானே விழுங்கிக்கொள்ளும். ஆனால் கடையில் கிடைத்தவை எல்லாம் முப்பது காலிபர், பெரிய குண்டு, பெரிய உதை, தடித்த ஆண்பிள்ளைகளுக்கானவை. வெடித்த தோட்டாவின் உறையை வலது பக்கம் துப்புபவை. இடது தோளில் வைத்துச் சுட்டால் அது என் மூஞ்சியின் குறுக்கே பறக்கும்.

"ஏழு மில்லிமீட்டர் குண்டு போதும்," என்பான் ரைனோ, குடிலின் மேசையில் இறைச்சி அடைத்த பாஸ்டியைப் பிட்டுக்கொண்டே. "மானுக்கு அதுக்கு மேல எதுக்கு? உறை இடது பக்கம் வெளிய போகணும். வாயு போற துளையில ஒரு திருகாணி வச்சா உதையைக் கூட்டலாம், குறைக்கலாம். இத ஏன் ஒருத்தனும் செய்ய மாட்டேங்கிறான்?"

குடில் எங்கள் நான்கு பேருக்கும் பொது. நாங்கள் இருவர், கிழவர் அர்வோ, அப்புறம் நார்பர்ட். நார்ப் ரைனோவோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஒவ்வொரு வருடமும் இந்தப் பேச்சு வரும். ஒவ்வொருவருக்கும் ஒரு கனவுத் துப்பாக்கி.

"எனக்கு முப்பத்தஞ்சு காலிபர் வேணும்," என்பார் அர்வோ. "புதர், கிளை எல்லாத்தையும் பொளந்துக்கிட்டுப் போகணும்."

"உனக்குத் தேவை காலிபர் இல்ல பெருசு, கண்ணாடி," என்பான் நார்ப். "போன வருஷம் மரக்கட்டையைத்தானே சுட்ட?"

"கட்டையா இருந்தா என்ன, பட்டுச்சுல்ல? நீ முன்னூறு மேக்னம் கேக்குறியே, எதுக்குடா? மூஸ் மானைப் படத்துலதான் பாத்திருக்க."

எல்லோரும் சிரிப்போம். ரைனோ மட்டும் சிரித்து முடித்ததும் மறுபடி திருகாணிக்கு வருவான்.

வெறும் பேச்சோடு அவன் நிற்கவில்லை. ஒரு பழைய செமி-ஆட்டோவை வாங்கிக் கொட்டகையில் பிரித்துப் போட்டான். இரண்டு குளிர்காலம் அதில் போயின. விசையின் சொரசொரப்பைத் தேய்த்து எடுத்தான். தோட்டாப் பெட்டி நடக்கும்போது கடகடவென்று ஆடாமல் இருக்க ஒரு தாழ் செய்தான். வாயுத் துளைக்குத் திருகாணி வைத்தான். உறை வெளியேறும் பக்கத்தை மாற்ற மட்டும் அவனால் முடியவில்லை. அதற்குத் துப்பாக்கியின் உடம்பையே புதிதாக வார்க்க வேண்டும். காலிபரும் பழையதுதான். அப்படியும் நான் சுட்டபோது தோள் வலித்தது, ஆனால் கண்ணீர் வரவில்லை. ரைனோ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தச் சமயத்தில்தான் நார்பர்ட்டுக்குத் தெற்கே ஒரு துப்பாக்கிக் கம்பெனியில் விற்பனை வேலை கிடைத்தது. ஒரு நாள் கொட்டகைக்கு வந்து அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"இத எங்க கம்பெனிப் பசங்ககிட்ட காட்டுறேன்டா. இப்படி ஒண்ணு போடுங்கய்யான்னு சொல்றேன். ஐலீனுக்கு முதல் துப்பாக்கி," என்றான் என்னைக் காட்டி.

"இடது பக்கம் வெளியேறணும். அத மறந்துடாத," என்றான் ரைனோ.

"அதுதானே முக்கியம்!" என்று சொல்லி நார்ப் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனான்.

வசந்தம் வந்து பனி உருகிய பிறகுதான் துப்பாக்கி திரும்பி வந்தது. "யோசிக்கிறாங்க," என்றான் நார்ப். அடுத்த வருடமும் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். ரைனோ கேட்பதை விட்டுவிட்டான், நம்புவதை விடவில்லை.

பிறகு ஒரு செப்டம்பரில் நார்ப் போன் செய்தான். சனிக்கிழமை ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு வரவேண்டும், ஒரு ஆச்சரியம் இருக்கிறது என்றான். ரைனோ நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி என்று நான் கிண்டல் செய்தேன்.

கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு படம் வைத்திருந்தார்கள். நார்பர்ட் ஒரு புதுத் துப்பாக்கியோடு மரத்தில் சாய்ந்து நிற்கிறான். பக்கத்தில் அவன் மனைவி டார்லீன். கீழே பெரிய எழுத்தில், தன் மனைவியின் உடைந்த தோளுக்காக ஒரு வேட்டைக்காரன் உருவாக்கிய ரைஃபிள் என்று போட்டிருந்தது. டார்லீன் வாழ்க்கையில் துப்பாக்கியைத் தொட்டதில்லை. மான் இறைச்சிகூடச் சாப்பிடமாட்டாள்.

நான் அதை இரண்டு தடவை படித்தேன். ரைனோ ஒரே தடவை படித்துவிட்டு உள்ளே போனான்.

கூட்டத்துக்கு நடுவே நார்ப் கையை விரித்துக்கொண்டு வந்தான். "பாத்தியாடா? ஏழு மில்லிமீட்டர்! உன் திருகாணி, உன் தாழ், எல்லாம் இருக்கு!"

"படத்துல இருக்கிறது யாரு தோள்?" என்றான் ரைனோ.

நார்பர்ட்டின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. "அது விளம்பரக்காரங்க எழுதினதுடா. ஒரு குடும்பக் கதை வேணும்னாங்க. சும்மா…"

"என் பொண்டாட்டி ஆஸ்பத்திரில கிடந்தா. உன் பொண்டாட்டி படத்துல நிக்கிறா."

"குடில்ல உக்காந்து பேசினது எல்லாருக்கும் பொதுதானே ரைனோ? அர்வோ பேசினாரு, நான் பேசினேன், நீ பேசின. இதுல யாருது எதுன்னு பிரிக்க முடியுமா?"

"தோளும் பொதுவா?"

நார்ப் என் பக்கம் திரும்பி, கையில் இருந்த துப்பாக்கியை நீட்டினான். "நீயே சுட்டுப் பாரு ஐலீன். அப்புறம் திட்டு."

கையில் வாங்கியதுமே கண்ணில் பட்டுவிட்டது. உறை வெளியேறும் வாய் வலது பக்கம் இருந்தது.

"இடது கைக்காரங்க ரொம்பக் கம்மி," என்றான் நார்ப், நான் கேட்கும் முன்பே. "இப்போதைக்கு வேண்டாம்னுட்டாங்க. பின்னால பாக்கலாம்னு…"

கடைக்குப் பின்னால் இருந்த சரளைக் குழிக்குப் போனோம். ஏன் போனேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஒருவேளை அது மட்டமான துப்பாக்கியாக இருக்க வேண்டும் என்ற ஆசையாக இருக்கலாம். இடது தோளில் வைத்து மூன்று குண்டுகள் சுட்டேன். உதை இல்லை, யாரோ தோளில் கை வைத்து லேசாகத் தள்ளியது போல இருந்தது. மூன்றும் குறிக் காகிதத்தின் நடுவில் விழுந்தன. ஒவ்வொரு தடவையும் சூடான பித்தளை உறை என் முகத்தின் குறுக்கே பறந்தது. மூன்றாவது உறை நான் போட்டிருந்த கண்ணாடியில் மோதிச் சட்டைக் காலருக்குள் விழுந்து கழுத்தைச் சுட்டது.

துப்பாக்கியை நார்ப் கையில் திருப்பிக் கொடுத்தேன். "டார்லீனுக்குக் குடு. அவ தோளுக்கு நல்லா இருக்கும்," என்றேன்.

வண்டியில் பாதி வழி வந்ததும் ரைனோ என் தோளைப் பார்த்தான். பிறகு, "உதைச்சுதா?" என்று கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். "இல்ல. கொஞ்சம்கூட இல்ல," என்றேன்.

அவன் தலையை ஆட்டினான். அந்த முகத்தில் ஒரு நொடி சந்தோஷம் வந்தது. அதைப் பார்த்தபோதுதான் நார்பர்ட்டின் மேல் எனக்கு உண்மையான வெறுப்பு வந்தது.

அந்த நவம்பரில் நாங்கள் இருவரும் குடிலுக்குப் போனோம், பிடிவாதமாக. நார்ப் வரவில்லை. ஆனால் அர்வோவின் கையில் அந்தப் புதுத் துப்பாக்கி இருந்தது. எங்களைப் பார்த்ததும் அதை மறைக்கப் போனார். பிறகு மறைக்காமல் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நல்ல துப்பாக்கிடா ரைனோ. நான் என்ன பண்ணட்டும்? இந்த வயசுல என் தோளும் நோவுது."

"முப்பத்தஞ்சு காலிபர்தான் வேணும்னீங்க?" என்றேன் நான்.

"அது பேச்சுக்கு," என்றார் அர்வோ. உட்கார்ந்துகொண்டே, "நீங்க ரெண்டு பேரும் அவனை மன்னிச்சுட்டா குடில் பழையபடி இருக்கும். அவன் அழுதான் தெரியுமா, என் வீட்டுல உக்காந்து," என்றார்.

"கம்பெனி கடிதாசு போட்டுச்சா உங்களுக்கு, அவனுக்காகப் பரிஞ்சு பேசச் சொல்லி?" என்றான் ரைனோ. அர்வோ எழுந்து, நீராவிக் குளியலுக்கான சானா அறைக்கு விறகு போட வெளியே போய்விட்டார். மறுநாள் காலை, ஒரு மான்கூடப் பார்க்காமல் நாங்கள் வீடு திரும்பினோம். குடிலில் எங்கள் பங்கை அர்வோவின் மருமகன் எடுத்துக்கொண்டான்.

கொட்டகையில் இருந்த பழைய செமி-ஆட்டோவை ரைனோ ரம்பத்தால் மூன்று துண்டாக அறுத்தான். நான் தடுக்கவில்லை. வக்கீலைப் பார்க்கலாமா என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "எத காட்டி? பாஸ்டி தின்னுக்கிட்டே பேசினதையா?" என்றான்.

நான் இப்போது குறுக்குவில் பழகிவிட்டேன். அதற்கு உதையே இல்லை. அம்பு வேட்டை தொடங்கும் அக்டோபரில் தனியாகப் போகிறேன். மான் கிடைத்தால் ரைனோ தோலுரித்துக் கொடுப்பான். எங்கே, எவ்வளவு தூரத்தில் என்று எதுவும் கேட்கமாட்டான். முன்பெல்லாம் கேட்டுக் கேட்டுத் துளைப்பவன்.

போன நவம்பர் பதினைந்தாம் தேதி விடிந்ததும் மலைப் பக்கமிருந்து வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஒவ்வொரு தடவையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றிச் சுடுபவனின் சத்தத்தில் இடைவெளி இருக்கும். இவை, தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியின் வேகத்தில், அடுத்தடுத்து விடாமல் கேட்டன. ரைனோ காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய் மரம் அறுக்கும் இயந்திரத்தை முடுக்கினான். விறகுக் கொட்டகை ஏற்கெனவே கூரை வரை நிறைந்திருந்தது. மதியம் வரை அவன் அதை நிறுத்தவில்லை.