உறவுக்காரர்களுக்கு மட்டும்

இஸ்திரிக்காரியின் வியர்வை சொட்டிய சட்டையைப் போட்டவர்களுக்கு இழுப்பு நின்றது. கல் உடைக்கும் ஆலையின் தூசியை மூச்சாக இழுத்து வாழ்ந்த தெரு அது. நெஞ்சு இறுகிச் சாவது அங்கே வழக்கம். அதற்கான மாத்திரையைக் கண்டுபிடித்த கம்பெனி, வேறு யாரும் அதைச் செய்யக் கூடாதென்று காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. ஓர் அட்டை வாங்க ஒரு மாதம் கல் உடைக்க வேண்டும். முன்பு அதைச் சோதித்துப் பார்த்தபோது இவளையும் இவள் புருஷனையும் சேர்த்திருந்தார்கள். இவளுக்கு விழுந்தது நிஜ மாத்திரை, அவனுக்கு ஒப்புக்குக் கொடுத்த மாவு மாத்திரை. அவன் போய்ச் சேர்ந்தான். இவள் அழவில்லை. வியர்க்கத் தொடங்கினாள்.

முதலில் பிழைத்தவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். செய்தி பரவியதும் கம்பெனி வக்கீல் வந்தார். வியர்வையில் இருப்பது எங்கள் மருந்து, ஊருக்குக் கொடுப்பது திருட்டு என்று வழக்குப் போட்டார். தீர்ப்பு வரும்வரை அவள் மின்விசிறியடியில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு. அந்த வருஷங்களில் அவள் காதோரம் நரைத்தது. கம்பெனி மாத்திரையின் நிறத்தை மாற்றி உரிமையை நீட்டித்துக்கொண்டது. தையல்காரருக்கு மறுபடி இழுத்தது. கடைசியில் நீதிபதி, கண்டுபிடித்தவர் உரிமையும் உரிமைதான், அவள் உடம்பும் அவளுடையதுதான், ஆகவே உறவுக்காரர்களுக்கு மட்டும் வியர்க்கலாம் என்றார். பிள்ளையில்லாத விதவைக்கு ஏது உறவு? வக்கீல் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறுநாள் காலை தையல்காரர் மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தங்கச்சி, இந்தச் சட்டையைக் கொஞ்சம் தேய்ச்சுக் குடும்மா."

"நேத்து வரைக்கும் 'இந்தாம்மா இஸ்திரி'ன்னுதானே கூப்பிட்டீங்க?"

"நேத்து வரைக்கும் கோர்ட்டு சொல்லலியே!"

அவருக்குப் பின்னால் அத்தை என்றும் சித்தி என்றும் கூப்பிட்டுக்கொண்டு வரிசை வளர்ந்தது. அவளோடு பேச்சை நிறுத்தியிருந்த எதிர்வீட்டுக்காரி நாத்தனார் முறைக்கு வந்தாள். சண்டையைத் தொடர அதுதான் வசதியாம். வக்கீல் வந்து ஒவ்வொருவரையும் விசாரித்தார். எல்லோரிடமும் ஒரு முறை இருந்தது.

பிறகு ஆலை விரிந்தது. வக்கீலின் தெரு வரை தூசி போயிற்று. கம்பெனி அவரை விட்டு வேறு வக்கீலுக்குப் போயிருந்தது. ஒரு மத்தியானம் அவர் மகளின் பள்ளிச் சட்டையோடு வரிசையின் கடைசியில் நின்றார். முறை வந்ததும் எந்த உறவும் சொல்லாமல் சட்டையை நீட்டினார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியில் தண்ணீர் தெளித்தாள். முகத்தில் ஒன்றும் அசையவில்லை; நெற்றியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வெச்சுட்டுப் போ தம்பி. சாயங்காலம் வந்து வாங்கிக்கோ."

கடைச் சுவரில் அவள் புருஷனின் சட்டை தேய்க்காமல் தொங்கியது.