மைக்கோல் போகிறானாம்

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பழுப்புநிறக் கோட்டு போட்ட ஒருவர் என் ஜெராக்ஸ் கடைக்குள் வந்து, ஆறு பக்கக் காகிதத்தை மேசைமேல் வைத்து, "ரெண்டு செட்டு, மேடம்" என்றார். வெளியே ஆகஸ்ட் மாதத்துக் குளிர்மழை; இங்கே அதுதான் குளிர்காலம். அவர் குடையை மடக்கியதில் தரையெல்லாம் தண்ணீர். மெர்சேதெஸ் என்கிற எங்கள் ஊரின் நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே பன்னிரண்டு வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். விவாகரத்து, வீட்டுப் பத்திரம், ரத்தப் பரிசோதனை என்று இந்த ஊரின் காகிதங்களெல்லாம் என் மெஷினின் கண்ணாடிமேல் குப்புறப் படுத்து எழுந்தவைதான். படிக்கக் கூடாது என்பது தொழில் தர்மம். படிக்காமல் இருக்க முடியாது என்பது என் சுபாவம். முதல் பக்கத்தின் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது: மைக்கேல் தெச்சேரா.

என் தம்பியின் பெயர் மைக்கோல் தெச்சேரா.

அவன் பிறந்தபோது அப்பாவுக்கு ஏதோ ஓர் ஆங்கிலப் பாட்டுக்காரன்மேல் பைத்தியம். பதிவு அலுவலகத்தில் "எப்படி எழுதணும்?" என்று கேட்டதற்கு, "வாயில வர்ற மாதிரியே எழுதுங்க" என்றிருக்கிறார். எங்கள் வாயில் அது மைக்கோல் என்றுதான் வரும். அதே வழியில் இன்னோர் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்தவள்தான் யானெத்தாகிய நானும். எங்கள் தெருவில் மட்டும் மூன்று மைக்கோல்கள், இரண்டு பிராயான்கள் உண்டு. வெளியாட்கள்தான் இதைப் பிழை என்று நினைத்துத் திருத்தப் பார்ப்பார்கள். பள்ளிச் சான்றிதழ், அடையாள அட்டை, தலைநகர் மோந்தேவிதேயோவில் அவன் ஆடும் ஃபுட்பால் கிளப்பின் ஆட்டக்காரர் பட்டியல், எல்லாவற்றிலும் அவன் மைக்கோல்தான். மைக்கேல் தெச்சேரா என்று ஒருவன் இந்த நாட்டில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தான். அந்தச் செய்தியில்.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி ஒரு விளையாட்டு இணையதளத்தில் நான்கே வரி வந்தது. ஸ்பெயினின் ஒரு பெரிய கிளப், பத்தொன்பது வயது மைக்கேல் தெச்சேராமேல் கண் வைத்திருக்கிறது என்று. யார் பேசினார்கள், எப்போது பேசினார்கள், ஒன்றும் கிடையாது. 'நெருங்கிய வட்டாரங்கள்' சொன்னதாம். மைக்கோலுக்கு நெருங்கிய வட்டாரம் என்றால் நானும் அம்மாவும்தான். மரலாரி ஓட்டும் அப்பா வாரத்தில் ஆறு நாள் சாலையில் இருப்பார். எங்களுக்கே அந்த விஷயம் பேக்கரி ரூபென் சொல்லித்தான் தெரியும்.

"மைக்கோல் போறானாமே?" என்று கேட்டார் ரூபென். மறுநாள் கசாப்புக்கடையில் "போறானாமே" என்றார்கள். அதற்கும் மறுநாள் அந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டது. "எப்பப் போறான்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இல்லை, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால், 'சரி சரி, நீங்க சொல்லக் கூடாதுதான்' என்று கண்ணடித்தார்கள். கேட்காமலே கசாப்புக்காரர் அரைக்கிலோ கறி கூடுதலாகக் கட்டினார். மைக்கோலைக் கணக்கில் இரண்டு தடவை ஃபெயிலாக்கிய வாத்தியார், அவனை அப்போதே அடையாளம் கண்டுகொண்டதாக உள்ளூர் ரேடியோவில் பேசினார். நகராட்சியில் அவன் முகத்தைப் பஸ் நிலையச் சுவரில் வரையப் போவதாகப் பேச்சு. எனக்கு ஒவ்வொருவர் சிரிப்பிலும் சந்தேகம் வந்தது. கறியைக்கூட இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் சமைத்தேன். எங்கள் வீட்டில் அம்மா மட்டும் நம்பினாள். டிவிக்காரர்கள் வந்தால் மானம் போகக் கூடாதே என்று ஜன்னல் திரைகளை எல்லாம் கழற்றித் துவைத்துப் போட்டாள். அந்த மழையில் அவை நான்கு நாளாகக் காயவே இல்லை.

மைக்கோலைப் போனில் கேட்டேன். "எங்கிட்டயும் யாரும் சொல்லலக்கா" என்று சொல்லிச் சிரித்தான். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

இப்போது அந்த மைக்கேல் என் கண்ணாடிமேல் படுத்திருந்தான். அடுத்தடுத்த பக்கங்களைத் திருப்பிப் போடும் சாக்கில் படித்தேன். ஐந்து வருடத்துக்கு அவன் சார்பாக எந்தக் கிளப்போடும் ஃபாபியன் பொசாதா என்ற ஏஜென்ட் ஒருவர்தான் பேசலாம். அவர் கைகாட்டும் இடத்துக்கு அவன் போக வேண்டும். மறுத்தால் நஷ்டஈடு. கடைசிப் பக்கத்தில் அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டு, வக்கீல் முத்திரையும் வாங்கியிருந்தார். முத்திரையில் தேதி: ஆகஸ்ட் இரண்டு.

இரண்டு. ஒன்பது. நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை, ஆனால் இது விரல்விட்டு எண்ணக்கூடிய கணக்கு. இந்த நாட்டில் அந்தப் பெயர் அப்படி எழுதப்பட்டது இரண்டே இடங்களில். இந்தக் காகிதம் முந்தியது, செய்தி பிந்தியது. என் கை மெஷினில் இரண்டுக்குப் பதிலாக மூன்றை அமுக்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரின் காகிதத்தைத் திருடினேன்.

"ஃபுட்பால் விஷயமா சார்?" என்று கேட்டேன்.

"ஒரு பையனோட எதிர்காலம், மேடம்" என்றார் அவர். நல்ல குரல். மீதிச் சில்லறையை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்காமல் போனது.

மத்தியானம் அம்மாவிடம் காட்டினேன். அவள் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள். "எழுத்துப்பிழைடி. நம்ம பேருன்னா எல்லாரும் தப்பாத்தான் எழுதுறாங்க" என்றாள். தேதியைக் காட்டினேன். அவள் எழுந்து போய் ஈரத்திரைகளை மறுபடி பிழிய ஆரம்பித்தாள். எங்கள் இருவர் மனதிலும் எத்வின்தான் இருந்தான் என்று எனக்குத் தெரியும். எங்கள் தெருவிலிருந்து ஐரோப்பா என்று சொல்லி இப்படி ஒரு காகிதத்தோடு போனவன். போய்ச் சேர்ந்தது ஏதோ ஒரு தீவில் மூன்றாம் டிவிஷன். ஜிம்முக்கு மேலே ஓர் அறை, பாஸ்போர்ட் இன்னொருவர் கையில். திரும்பி வந்தபோது முழங்கால் போயிருந்தது. இப்போது மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கிறான். ஃபுட்பால் ஓடினால் டிவியை அணைக்கச் சொல்வான்.

போன ஆட்டத்தில் இரண்டு மஞ்சள் அட்டை வாங்கி வெளியேறியதால் மைக்கோலுக்கு அந்த வாரம் ஆட்டம் இல்லை. சனிக்கிழமை பஸ்ஸில் வந்து இறங்கினான். பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எட்டுத் தெரு. வந்துசேர ஒரு மணி நேரம் ஆனது, அத்தனை பேர் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். உள்ளே வந்ததும் நான் காகிதத்தை எடுக்கப் போனேன். "அக்கா, நாலு மணிக்கு ஒருத்தர் வர்றாரு. அப்பப் பேசலாம்" என்றான். யார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நாலு மணிக்கு அந்தப் பழுப்புக் கோட்டு, பொசாதாவேதான், வாசலில் நின்றது. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவர் சிரிப்பு சுருங்கியது.

"நீங்க..."

"ஜெராக்ஸ் கடை" என்றேன். "அக்காவும்கூட."

மழை என்பதால் அம்மா மாவு பிசைந்து ரொட்டி பொரித்திருந்தாள். ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்து மாத்தே ஊற்ற ஆரம்பித்தாள்; ஒரே குடுவையிலிருந்து ஒரே குழலில் எல்லாரும் முறைவைத்து உறிஞ்சும் கசப்புத் தேநீர் அது. பொசாதா எங்காவது சறுக்குவாரா என்று நான் காத்திருந்தேன். எத்தனையோ பேரை மாத்தே காட்டிக்கொடுத்திருக்கிறது. குழலை வைத்துக் கலக்கிவிடுவார்கள். இல்லாவிட்டால் முதல் குடுவையைத் திருப்பித் தரும்போதே மரியாதைக்கு 'நன்றி' என்று சொல்லிவிட்டு, அப்புறம் தங்களுக்கு ஏன் ஊற்றவில்லை என்று முழிப்பார்கள். மாத்தே குடிக்கும் இடத்தில் நன்றி என்றால், 'போதும், இனி எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம். இந்த மனிதர் எதிலும் சறுக்கவில்லை. கடைசிச் சொட்டு சத்தம் போடும்வரை உறிஞ்சினார், பேசாமல் திருப்பிக் கொடுத்தார், அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தார். ரொட்டி பிரமாதம் என்றார். அதுவும் உண்மைதான். எனக்கு எரிச்சலாக வந்தது.

அவர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து விரித்ததும் நான் ஆரம்பித்தேன்.

"பேரு தப்பா இருக்கே சார்."

அவர் குனிந்து பார்த்தார். "அடடா. டைப் பண்ணவன் பண்ண வேலை. மன்னிக்கணும்" என்றார். பேனாவை எடுத்து மைக்கேலை அடித்துவிட்டு, மேலே அழகான கையெழுத்தில் மைக்கோல் என்று எழுதினார். ஐந்து விநாடிகூட ஆகவில்லை. இருபது வருடமாக யாரும் எங்களுக்குச் செய்யாத மரியாதை.

"இதே தப்பு அந்தச் செய்தியிலயும் வந்துச்சு" என்றேன். "நீங்க முத்திரை போட்டு ஒரு வாரம் கழிச்சு." என் பிரதியை எடுத்து அவர் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். "ரெண்டு பேருக்கும் ஒரே டைப்பிஸ்டா சார்?"

அம்மா ஊற்றுவதை நிறுத்தினாள். பொசாதா கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், பதினோரு மாசமா இவரு ஆட்டத்தைப் பாத்துட்டு வர்றேன். நல்லா ஆடுறாருன்னு நான் சொன்னா யாரு கேப்பா? வேற ஒருத்தன் கேக்குறான்னு சொன்னாத்தான் திரும்பிப் பாப்பாங்க. நான் யாருக்கும் கெடுதல் பண்ணல. சும்மா காதுல போட்டு வச்சேன்."

"அப்ப அந்தப் பெரிய கிளப்பு?"

"வரலாம்" என்றார். "வராமலும் போகலாம்."

"பாத்தியாடா?" என்று தம்பியிடம் திரும்பினேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். உண்மையில் எனக்குள் ஒரு துள்ளலே இருந்தது. இரண்டு வாரமாக ஊரே ஒரு பக்கம், நான் ஒருத்தி ஒரு பக்கம். "கிளப்பும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. எல்லாம் இவரு கட்டிவிட்ட கதை."

மைக்கோல் என்னைப் பார்க்கவில்லை. எண்ணெய் படிந்த விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"கதைன்னு. இவரு முன்னாடியே ஒருதடவை எங்கிட்டப் பேசியிருந்தாரு. செய்தி வந்த அன்னைக்கே இவருக்குப் போன் பண்ணிக் கேட்டேன். ஒத்துக்கிட்டாரு. நான் ஒரு வருஷமா பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன். உங்ககிட்டல்லாம் சொல்லல, கடைசி அஞ்சு நிமிஷம் ஆடுனதையே பெருசா சொல்லிட்டிருந்தேன். வெள்ளிக்கிழமை செய்தி வந்துச்சு. ஞாயித்துக்கிழமை முதல் நிமிஷத்துலேருந்து உள்ள இறக்கினாங்க. ரெண்டு கோல் போட்டேன். அந்த ரெண்டு கோலும் பொய்யா?"

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கடையின் கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டாவது கோலுக்கு மெஷின்மேல் தலையை வைத்து அழுதவள். "கோல் போட்டது நீடா. இவரு இல்ல" என்றேன். என் குரல் எனக்கே பலவீனமாகக் கேட்டது.

"உள்ள இறக்கினது யாரு?"

"எத்வினையும் ஒருத்தன் உள்ள இறக்கினான்."

"எத்வினுக்கு என்னாச்சுன்னு தெரியும்" என்றான் மெதுவாக. "அவன் போனான். திரும்பி வந்தான். டிசம்பர்ல என்னோட ஒப்பந்தம் முடியுதுக்கா. கிளப்புல புதுசா ஒண்ணும் பேசல. நான் எங்கயும் போகாமலே திரும்பி வந்துருவேன். பஸ் நிலையத்துல மூஞ்சிய வரைஞ்சு வச்சிருப்பாங்க. நான் அதுக்குக் கீழ உக்காந்திருப்பேன்."

பொசாதா இப்போது ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்கத் தெரிந்த மனிதர் என்பதுதான் எனக்கு அவரிடம் ரொம்பப் பயமாக இருந்தது. மூடியைக் கழற்றிப் பேனாவை மேசைமேல் மைக்கோல் பக்கமாக நகர்த்தி வைத்தார். திருத்திய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கையெழுத்து, அவன் போட வேண்டியது அவ்வளவுதான். ஈரக்காற்றில் மூலை சுருண்டுகொண்டே இருந்த காகிதத்தை மைக்கோல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

அவன் முறை வந்திருந்தது. அம்மா குடுவையை நிரப்பி அவனிடம் நீட்டினாள். பிறந்ததிலிருந்து அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவள். அவன் வலது கையால் வாங்கி, சூட்டைப் பொருட்படுத்தாமல் ஒரே மூச்சில் உறிஞ்சினான். அடியில் சத்தம் வந்தது. எங்கள் வீட்டில் ஃபிளாஸ்க் காலியாகும்வரை குடிக்கிறவன் அவன் ஒருவன்தான். சின்ன வயதில் அதற்காக என்னிடம் அடியும் வாங்கியிருக்கிறான். குடுவையை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தான்.

"நன்றிம்மா" என்றான்.

பேனாவை எடுத்தான்.

அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அடுத்த முறை என்னுடையது. அவள் என் பக்கம் திரும்பவில்லை. காதில் விழாதவள் போல ஃபிளாஸ்க்கைச் சாய்த்து, நுரை விளிம்புக்கு வரும்வரை ஊற்றினாள். குழலை அவன் பக்கமாகத் திருப்பி, மறுபடி அவனிடமே நீட்டினாள். நன்றி சொன்ன ஒருவருக்கு அவள் ஊற்றி நான் பார்த்ததே இல்லை. குடுவையை நீட்டிய அவள் கை காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றது, கீழே இறங்கவில்லை. அவனுடைய இடது கை காகிதத்தை அழுத்திக்கொண்டிருந்தது. பொசாதாவும் நானும் அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் பேனா இருந்தது.